எசேக்கியா மன்னனின் பக்தியும் செருக்கும்

செருக்கு என்பது பக்தியில்லாதவர்க்கு மட்டும் வரும் நோயன்று. பக்திமான்களையும் அது பற்றும். எந்த வேளையில் பற்றுகிறது என்பதே ஆராயத்தக்கது. பண்டை இஸ்ரவேலரின் வரலாற்றில் யூதா நாட்டை ஆண்ட இரு மன்னர்கள் இதற்குச் சான்றாவர்.

முதல்வன் உசியா. கோபுரங்கள் கட்டினான், கிணறுகள் தோண்டினான், படையைப் பெருக்கினான். வலிமை வந்ததும், குருமார்க்கே உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்ய ஆலயத்துள் நுழைந்தான். தடுத்தவர்மீது சினந்தான், அக்கணமே அவனைத் தொழுநோய் பற்றியது என்கிறது விவிலியம்.

அவனுடைய கொள்ளுப்பேரன் எசேக்கியா. மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபங்காட்டக் கண்டு, அதனையும் உடைத்தெறிந்த பக்திமான். கொடிய நோயுற்றபோது அழுது மன்றாடி, மேலும் 15 ஆண்டு ஆயுள் பெற்றான். நலம் விசாரிக்கப் பாபிலோன் மன்னன் மெரோதாக்பலாதான் தூதரை அனுப்பினான். எசேக்கியா அவர்களுக்குப் பொன், வெள்ளி, நறுமணப் பொருள், படைக்கலம் யாவற்றையும் காட்டினான். நோய் தீர்த்த இறைவனைப் பற்றி அவன் பேசியதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. இவையாவும் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும் என ஏசாயா தீர்க்கதரிசி எச்சரித்தார்.

விவிலியம் அசீரியப் படையெடுப்பின் பின்னரே இதைக் கூறுகிறது. ஆயினும் மெரோதாக்பலாதான் அதற்கு முன்பே அரசிழந்தவனாதலால், தூதர் வருகையே முந்தியது என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவ்வாறாயின், பெருமையுடன் காட்டிய அதே கருவூலத்தைத்தான் கி.மு. 701-ல் அவன் துடைத்தெடுக்க நேர்ந்தது. அசீரிய மன்னன் சனகெரிப்புக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம் கட்ட, ஆலயக் கதவுகளின் பொற்றகடுகளையும் பெயர்த்தான்.

கருவூலம் வெறுமையானபின் எசேக்கியா இரட்டுடுத்தி ஆலயம் புகுந்து மன்றாடினான். எருசலேம் பிழைத்தது. சனகெரிப்பின் சுடுமண் சாசனமும் 46 நகரங்களைப் பிடித்ததாகப் பெருமை பேசுகிறதேயன்றி, எருசலேமைப் பிடித்ததாகக் கூறவில்லை.

அவன் பாறையைக் குடைந்து வெட்டுவித்ததெனப் பெரும்பாலோர் கருதும் நீர்ச்சுரங்கம் ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுடையது. 1880-ல் அதன் சுவரில் கண்டெடுத்த எபிரேயக் கல்வெட்டு, இருபுறமிருந்தும் குடைந்து வந்த தொழிலாளர் நடுவே சந்தித்ததைச் சொல்கிறது. எஞ்சியுள்ள வரிகளில் மன்னன் பெயர் இல்லை.

உசியா இடித்துரைத்தவரைச் சினந்தான். எசேக்கியா தன்னைத் தாழ்த்திக்கொண்டான். இருவரையும் வேறுபடுத்துவது இதுவே. கி.மு. 586 அளவில் எருசலேமை அழித்த பாபிலோனியர் அதன் செல்வத்தை வாரிச் சென்றனர். பெயர் பொறிக்காத சுரங்கத்திலோ இன்றும் நீர் ஓடுகிறது.