கொடுக்க விடுப்பு வேண்டாமா?

தமிழ்நாட்டு அரசு ஊழியர் 240 நாள்வரை ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்து, ஓய்வுபெறும்போது பணமாக்கிக்கொள்ளலாம். பக்கத்து மேசைக்காரர் டயாலிசிஸுக்கு விடுப்பின்றித் தவித்தாலும், அதில் ஒரு நாளை அவருக்கு எழுதிக்கொடுக்க விதியில் இடமில்லை. அமெரிக்க நடுவண் அரசு ஊழியர்களுக்கு 1988-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கும் வேண்டும் என்கிறோம்.

கூடவே இன்னொன்றும் கேட்கிறோம். சேலம், நாமக்கல் வீதிகளை விடியுமுன் பெருக்கும் அருந்ததியர் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அரசு விடுப்பு விதிகள் அவர்களைத் தொடுவதில்லை. காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. கொடுக்கவோ வாங்கவோ விடுப்புக் கணக்கே இல்லாதவர்களுக்கு யார் கொடுப்பது?

ஈ.எஸ்.ஐ. சந்தா முறையாகக் கட்டப்பட்டிருந்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். மாணவர்களே, உங்கள் பெற்றோரின் ஈ.எஸ்.ஐ. எண்ணை இன்றே பாருங்கள். எண் இல்லையென்றால் ஒப்பந்தக்காரரையும் நகராட்சியையும் எழுத்தில் கேளுங்கள்.