கார் ஏ.ஸி. அனலாய் வீசுகிறதா?

கத்திரி வெயிலில் கைக்குழந்தையோடு வெளியூர்ப் பயணம் என்றால், காரில் ஏ.ஸி. ஆடம்பரமே இல்லை, சகோதரிகளே. சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்கள் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறிவிடும் என்கிறார்கள் டாக்டர்கள். வாய் திறந்து சொல்லவும் அதற்குத் தெரியாது. அதனால்தான், "வண்டி சமாசாரம் ஆம்பிளைகள் பாடு" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்கிறேன்.

போன வருஷம் மே மாதம், பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண்ணையும் நாலு மாதப் பேரனையும் மதுரையிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவிட வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஏ.ஸி.யில் வெறும் வெக்கைக் காற்று! வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "கேஸ் தீர்ந்து போச்சும்மா, ரொப்பிடலாம்" என்றார்கள்.

"போன கோடையிலேதானே ரொப்பினீங்க? அது எங்கே போச்சு?" என்று கேட்டேன். பதில் இல்லை.

இந்தக் கேள்வியை நீங்களும் தயங்காமல் கேளுங்கள். ஏ.ஸி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற வஸ்து அல்ல. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருப்பது போல மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. கார் குலுங்குகிறது, அதன் குழாய்களில் ரப்பர் இருக்கிறது, ஆகவே பல வருஷத்தில் கொஞ்சம் கசியலாம்தான். ஒரே வருஷத்தில் காலி என்றால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கா காசு கொடுப்பது?

என் அண்ணா சொன்ன வேறொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் முதலில் குழாய் மூட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் அப்பியிருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்து ஓடுவதால், கசிகிற இடத்தில் இந்தக் கறை விழுமாம். பிறகு குழாயில் நைட்ரஜன் ஏற்றி, அந்த மூட்டில் சோப்பு நுரை தடவினார். குபுகுபுவென்று குமிழி! சமையல் கேஸ் ட்யூபில் நாம் செய்கிற அதே பரீட்சைதான். உள்ளே ஒரு ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றி, அரை மணி நேரம் வேக்குவம் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, அப்புறம்தான் கேஸை நிறுத்து ஏற்றினார். சின்னக் கார்களுக்கு அரை கிலோ அளவுதான் பிடிக்கும். கூடிப்போனாலும் குளிராது. எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், பாருங்கள். ஓஸோன் படலத்தைக் காப்பதற்காக 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்த பிறகு பழைய ஆர்-12 போய், ஆர்-134ஏ வந்தது. சில புது வண்டிகளில் அதுவும் மாறிவிட்டது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்ற விடாதீர்கள்.

ஆனால் எல்லாச் சூட்டுக்கும் கேஸ் காரணம் இல்லை. கடைக்குப் போகுமுன் நாமே சிலதைக் கவனித்துச் சொல்லலாம். வண்டி ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? முன்பக்கம் இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இப்படித்தான். தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவ வேண்டும். பீய்ச்சி அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். காற்றே குறைவாக வந்தால், டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரை உருவிப் பாருங்கள். என்ன அழுக்கு என்கிறீர்கள்! சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்டால் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிவிட்டது. (சில புது மாடல்களில் இந்தச் சத்தம் இருக்காது.) கேட்காவிட்டால் ஃப்யூஸ் போயிருக்கலாம், அல்லது கேஸ் குறைந்ததால் அது தானாகவே ஓடாமல் நின்றிருக்கலாம். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது கோளாறே இல்லை. ஆனால் குழாய் மூட்டை மட்டும் நீங்களாகத் திருகிவிடாதீர்கள். அந்த கேஸ் கையில் பட்டால் சதை உறைந்து கொப்புளித்துவிடும்.

இன்னொன்று. வெயிலில் நிறுத்திய கார் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி சூடேறும். "மருந்து வாங்கிட்டு இதோ வந்துட்டேன்" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகவே கூடாது. கிளம்பும்போது நாலு கண்ணாடியையும் இறக்கி, இரண்டு நிமிஷம் அனலை வெளியே விரட்டிவிட்டு, பிறகு மூடி, உள்காற்றே சுழலும் பட்டனைப் போடுங்கள். சீக்கிரம் குளிரும்.

மார்கழியிலும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏ.ஸி.யை ஓட விடுங்கள். எண்ணெய் சுற்றி வந்து ரப்பர் வளையங்கள் காயாமல் இருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இதைச் செய்கிறோம். குளிர்கிறது என்று மாமியார்தான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்.