டயாலிசிஸ் செய்பவர் வீட்டில் இருந்தால்



நீண்ட நாள் சர்க்கரை நோயாலும் இரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். வாரம் இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரம் அவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மற்ற நேரமெல்லாம் அவர்களைக் காப்பது வீட்டாரின் கவனமே.

தண்ணீர்: சிறுநீர் குறைந்தவருக்குக் குடிப்பதெல்லாம் உடலிலேயே தங்கும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மருத்துவர் சொன்ன அளவில் தேநீர், கஞ்சி, ரசம் எல்லாமே சேரும். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்தினால் தாகமும் குறையும்.

உணவு: நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டு வருவது இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம். இவற்றில் பொட்டாசியம் அதிகம். அது இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். வருபவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் முட்டை, மீன், கோழியை அடியோடு நிறுத்துவது தவறு. புரதம் தேவை, அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கை: ஃபிஸ்டுலா வைத்த கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். இறுக்கமான வளையல், கடிகாரம் வேண்டாம். தினமும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு தெரியாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நோன்பு: "இத்தனை வருஷம் விட்டதில்லை, இப்போது விடுவதா?" என்று அத்தா கண் கலங்கலாம். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். குணமாகும் வாய்ப்பில்லாத நோயென்றால், விடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா. மருத்துவர் சொன்னதை ஆலிமிடம் கூறி, அவரையே அத்தாவிடம் பேசச் சொல்லுங்கள். மனம் ஆறும்.

செலவு: அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் வசதி உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கல்யாணம், பயணம் என்று ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள்.

பராமரிப்பவர்: பெரும்பாலும் முழுச் சுமையும் மனைவி மீதோ மருமகள் மீதோ விழுகிறது. மருத்துவமனைக்கு அழைத்துப் போவதை மகன்கள் முறை வைத்துப் பகிரட்டும். வாரத்தில் ஒரு நாளாவது அவர் நிம்மதியாக உறங்கட்டும். பக்கத்து வீட்டார் ஒரு வேளைச் சோறு சமைத்து அனுப்பினாலும் அது பெரிய உதவி.

படுத்தால் மூச்சு முட்டுவது, குளிருடன் காய்ச்சல், திடீரென உடல் தளர்ந்து போவது, ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் வருவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.