தவளைக் கண் காரும் காற்றும்: அலங்காரம் எது? அவசியம் எது?

வீதியால் போகும் சில கார்களின் பின்பக்கத்தில், டிக்கி மூடிக்கு மேலே பலகைத் துண்டைப் போல ஒன்று பொருத்தப்பட்டிருப்பதை வாசகியர் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் ஸ்பொய்லர். "அது எதற்கு மகன்?" என்று வீட்டிலுள்ள பிள்ளையிடம் கேட்டால், "சும்மா ஒரு அழகுக்கு உம்மா" என்பான் ஒருவன். "கார் வேகமாகப் போகத்தான்" என்பான் இன்னொருவன். இரண்டும் முழு உண்மையல்ல. அதை வாங்குவதற்கும், கராஜில் கொடுத்துப் பொருத்துவதற்கும், நிறம் பூசுவதற்கும் செலவாவது வீட்டுப் பணம். அந்தக் காரில் ஏறிப் போவதும் வீட்டு மனிதர்களே. ஆகையால் இது ஆண்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

இதை விளங்கிக்கொள்ள, 1958 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த ஒரு சின்னக் காரின் கதை நமக்கு உதவும்.

குடும்பக் கார்களின் குழந்தை

டொனால்ட் ஹீலி என்பவர் தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, வொரிக் நகரில் விரைவுக் கார்களை உருவாக்கி வந்தவர். பணக்காரர் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த அவ்வகைக் காரைச் சாதாரண சம்பளக்காரருக்கும் எட்டச் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். சைக்கிள் நிறுத்தும் கொட்டிலுக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியதாக அது இருக்க வேண்டும் என்றும் அவர் விரும்பினார். அப்படிப் பிறந்ததுதான் 'ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட்'.

செலவைக் குறைக்க அவர்கள் செய்த காரியம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாக விளங்கும். இருந்ததை வைத்துச் சமைத்தார்கள். எஞ்சினும் முன்சில்லுகளைத் தாங்கும் பாகங்களும் ஒஸ்ரின் ஏ 35 என்ற குடும்பக் காரில் இருந்து வந்தன. ஸ்டியரிங் பாகம், நம் நாட்டில் பாட்டன்மார் காலந்தொட்டு எல்லோரும் அறிந்த மொரிஸ் மைனரில் இருந்து வந்தது. முன்விளக்குகளை பொனட்டுக்குள் மடித்து மறைக்கும்படிதான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அதற்குச் செலவு கூடும் என்று அந்த யோசனையைக் கைவிட்டார்கள். விளக்குகள் பொனட்டின் மேலே துருத்திக்கொண்டு நின்றன. கண்டவர்கள் 'தவளைக் கண்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! சிக்கனத்தால் வந்த அந்த முகமே பின்னர் அதன் அழகாகிவிட்டது.

1958 மே மாதம் மொன்ரே கார்லோவில் இக்கார் அறிமுகமானது. 948 சீசீ எஞ்சின், ஏறத்தாழ 660 கிலோ நிறை, மணித்தியாலத்துக்கு 80 மைலைச் சற்றுத் தாண்டும் வேகம். கதவுக்கு வெளிப்பக்கத்தில் கைபிடி இல்லை. டிக்கிக்கு மூடியும் இல்லை. சாமான் எடுப்பதென்றால் ஆசனத்தைச் சாய்த்துவிட்டு உள்ளே தவழ்ந்துதான் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் 1961 வரை 49 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான கார்கள் உற்பத்தியாகின.

புதிய சட்டை போட்டவர்கள்

மலிவான கார் இளைஞர் கையில் கிடைத்தால் என்ன நடக்கும்? 1959 இல் அமெரிக்காவின் செப்ரிங் நகரில் நடந்த 12 மணித்தியாலப் பந்தயத்தில், ஸ்பிரைட் கார்கள் தம் வகுப்பில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அதன் பின்னர் இங்கிலாந்து முழுவதும் இக்காருக்குப் புதிய சட்டை தைக்கும் வேலை தொடங்கிவிட்டது.

ஸ்பிரைட் காரின் மூக்குப் பகுதி முழுவதும், சில்லுகளை மூடும் தகடுகளோடு சேர்ந்து, ஒரே மூடியாகத் திறக்கும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவது இலகு. அஷ்லி, லென்ஹாம் போன்ற சிறு நிறுவனங்கள் பைபர் கிளாஸில் விதவிதமான மூக்குகளையும் கூரைகளையும் செய்து விற்றன. கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, அதன் மேல் பசை பூசி இறுக வைப்பதே அந்த வேலை. கனம் குறைவு, துரு பிடிக்காது, பெரிய யந்திரங்களும் தேவையில்லை.

இதே காலத்தில் ஸ்பீட்வெல் என்ற நிறுவனத்துக்காக ஃபிராங்க் கொஸ்ரின் ஸ்பிரைட்டுக்கு ஒரு புதிய மேல்உடலை வடிவமைத்தார். அவர் டி ஹவிலண்ட் விமான நிறுவனத்தில் காற்றோட்டம் பற்றிய வேலை செய்தவர். காற்று எங்கே தடைப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து உடலை வழுவழுப்பாக்கினார். எஞ்சினையும் பலப்படுத்திய பின்னர், 80 மைல் கார் 130 மைலைத் தாண்டி ஓடியது.

பழைய ஸ்பிரைட்டுக்குப் புதிய மூக்கு வைத்த பலர் அழகை மட்டும் பார்த்தார்கள். கொஸ்ரின் காற்றைப் பார்த்தார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பெண் பொறியியலாளர்

மாற்றம் செய்த செப்ரிங் ஸ்பிரைட்டை ஓட்டியவர்களுள் ஒரு பெண்மணி இருந்தார். பெயர் பியற்றிஸ் ஷில்லிங். 1909 இல் பிறந்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் கற்று, ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய போர் விமானங்களில் ஒரு பெரிய குறை இருந்தது. விமானி திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால், எஞ்சினுக்குள் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி எஞ்சின் அடங்கிவிடும். எதிரி துரத்தும் நேரத்தில் இது உயிராபத்து. ஷில்லிங் இதற்குக் கண்ட பரிகாரம், நடுவில் துவாரமிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. தேவையான அளவு எரிபொருள் மட்டுமே அதன் வழியே போகும். விமானத்தைப் படையிலிருந்து எடுக்காமலே அதைப் பொருத்தலாம். 1941 மார்ச் மாதமளவில் போர் விமானப் படை முழுவதற்கும் அது பொருத்தப்பட்டாயிற்று.

போர் முடிந்து பல ஆண்டுகளின் பின் அவரும் கணவர் ஜோர்ஜ் நெய்லரும் ஸ்பிரைட் காரைத் தங்கள் கையாலேயே திருத்தி, சில்வர்ஸ்டோன், குட்வுட் மைதானங்களில் பந்தயம் ஓட்டினார்கள். காரணம் தெரிந்து பொருத்தினால் சின்னத் துண்டும் உயிர் காக்கும். ஸ்பொய்லரின் கதையும் இதுதான்.

முக்காடும் காற்றும்

பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கும்போது முக்காடு வெளிப்பக்கமாக இழுபடுவதை உணர்ந்திருப்பீர்கள். வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைவதே அதற்குக் காரணம். காரின் வளைந்த முதுகின் மேலாகக் காற்று விரைந்து போகும்போதும் இதேதான் நடக்கிறது. காரின் பின்பக்கம் மெல்ல மேலே தூக்கப்படுகிறது. சில்லுகள் வீதியைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. வளைவில் திரும்பும்போது பின்பக்கம் வழுக்கிவிடலாம்.

வால் முனையில் ஒரு சின்ன விளிம்பை நிமிர்த்தி வைத்தால், காற்றின் அந்த ஓட்டம் குழம்பிவிடுகிறது. தூக்கும் சக்தி குறைகிறது. ஆங்கிலத்தில் 'கெடுப்பது' என்ற பொருளில் அதற்குப் பெயர் வந்ததும் இதனால்தான். 1961 இல் ஃபெராரி நிறுவனம் தன் பந்தயக் காரில் இதைப் பரீட்சித்துப் பயன் கண்டது. இங்கிலாந்தின் அஸ்ரன் மார்ட்டின் நிறுவனம் 1965 இல் வெளியிட்ட டீபி 6 காரின் வால், முன்னைய காரினதைப் போலச் சரிந்து போகாமல் முனையில் நிமிர்ந்து நின்றது. அதிவேகத்தில் பின்பக்கம் இலேசாவதைத் தடுப்பதே நோக்கம். 1977 இல் வந்த வீ 8 வன்டேஜ் காரில் முன்பக்கத் தாடையில் ஒன்று, டிக்கி மூடியில் ஒன்று என இரண்டும் இருந்தன. அது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 170 மைல் ஓடக்கூடிய கார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் சக்தி நான்கு மடங்காகும். வேகம் நான்கு மடங்கானால் அது பதினாறு மடங்கு. திருப்பிச் சொன்னால், 160 கிலோமீற்றர் வேகத்தில் பெரிய உதவி செய்யும் ஸ்பொய்லர், 40 கிலோமீற்றரில் அதில் பதினாறில் ஒரு பங்குதான் செய்யும். சந்தைக்கும் பாடசாலைக்கும் போய்வரும் காருக்கு அதனால் கிடைப்பது தோற்றம் மட்டுமே.

தோற்றம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பின்னால் மட்டும் பெரிய இறக்கை வைத்து முன்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டால், அதிவேகத்தில் முன்சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங் பிடி குறையலாம். உயரமான பலகை பின்கண்ணாடியை மறைக்கும். சரியாகப் பூட்டாவிட்டால் கழன்று பின்னால் வருபவர் மேல் விழும்.

வெட்டியது மீளாது

ஸ்பிரைட் காரில் இன்னொரு பாடமும் உண்டு. அக்காருக்குத் தனியான கனத்த சட்டம் கிடையாது. பின்பக்கத்தில் மேல்தகடே பாரத்தைத் தாங்குகிறது. டிக்கிக்கு மூடி வைக்காததற்குச் சிக்கனத்தோடு இந்த உறுதியும் ஒரு காரணம். சாமான் வைக்க வசதி வேண்டுமென்று தகட்டை வெட்டித் துவாரமிட்டால், வெட்டுவது காரின் முதுகெலும்பை. கதவின் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்திருக்க, அதன் மேல் பைபர் கிளாஸ் பாவாடை கட்டி மறைத்தால், கண்ணுக்கு அழகு, உள்ளே ஆபத்து.

பூட்டியதைக் கழற்றலாம். வெட்டியதை முன்போல் ஆக்க முடியாது. அன்று பழைய இரும்பு மூக்கைக் கழற்றி எறிந்தார்கள் பலர். இன்று தவளைக் கண் கார்களைப் பாதுகாப்போர் அந்த அசல் மூக்கைத் தேடித் திரிகிறார்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

வீட்டில் ஒருவர் காரின் உடலை மாற்றப் போகிறேன் என்றால், ஏசுவதை விட்டு இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

1. இது எந்த வேலையைச் செய்யும்? நாம் ஓடும் வேகத்தில் செய்யுமா?

2. தகட்டை வெட்ட வேண்டுமா? வேண்டாமென்றால் பின்னர் கழற்றலாமா?

3. இது மறைக்கப் போகும் இடத்தில் துரு இருக்கிறதா? முதலில் அதைத் திருத்தினோமா? பிரேக்கும் டயரும் நல்ல நிலையில் உள்ளனவா?

4. பைபர் கிளாஸ் வேலை வீட்டில் நடக்குமா? அப்படியானால் காற்றோட்டமான இடம், முகமூடி, கையுறை அவசியம். பசையின் ஆவியும், தேய்க்கும்போது பறக்கும் தூளும் நெஞ்சுக்கும் தோலுக்கும் கேடு. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

இந்த நான்குக்கும் பிள்ளை நேராகப் பதில் சொன்னால், அவனுக்கு வேலை தெரியும் என்று நம்பலாம். அழகு வேண்டாம் என்பதல்ல நம் பேச்சு. தவளைக் கண்ணும் அழகுதான். அது தேவையிலிருந்து வந்த அழகு. அதனால்தான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முகத்தைக் கண்டவர்கள் புன்னகைக்கிறார்கள்.