9 கிராம் உப்பும் 100 கிராம் சீனியும்: சந்தேகத்தை எப்படிக் கேட்பது?

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி.

ஒரு லிட்டர் கரைசலில் 9 கிராம் சாப்பாட்டு உப்பு கரைந்திருக்கிறது. மனிதனின் சிவப்பு இரத்த அணுக்களை அதில் இட்டால் அவை வீங்குவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. உப்புக்குப் பதில் சீனியைக் கரைத்து இதே நிலையைப் பெற வேண்டுமென்றால், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் சீனி தேவை. ஏன் இவ்வளவு வேறுபாடு?

எஸ்.பி.எம். முடித்துப் படிவம் 6, மெட்ரிகுலேஷன், தனியார் கல்லூரி என எங்கே சென்றாலும், அறிவியல் பிரிவில் படித்தால் இந்த வகைக் கேள்வி உங்களைத் தேடி வரும். வெளியே பார்த்தால் உயிரியல், உள்ளே முழுக்க வேதியியல். பயிற்சித் தாளில் இதைக் கண்டதும் பலர் செய்வது ஒன்றுதான். கைப்பேசியில் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். கூடவே ஒரு வரி: "யாருக்காவது ஆன்சர் தெரியுமா?" சற்று நேரத்தில் விடை வந்துவிடும். நண்பர் தராவிட்டால் செயலி தரும். அதைப் பார்த்து எழுதித் தாளையும் ஒப்படைத்துவிடலாம்.

அடுத்த வாரம் அதே கேள்வியில் உப்புக்குப் பதிலாக வேறொரு பொருள் வரும். அப்போது மீண்டும் கைப்பேசியைத் தேட வேண்டியதுதான். தேர்வு மண்டபத்தில் அதுவும் இருக்காது.

உதவி கேட்பதில் தவறே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் தவறு. ஆனால், "புரியவில்லை" என்று மட்டும் சொன்னால் உங்களுக்கு உதவ வருபவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. மருத்துவரிடம் சென்று "உடம்பு சரியில்லை" என்றால், "எங்கே வலிக்கிறது?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். பாடத்திலும் எங்கே வலிக்கிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை மேலே உள்ள கேள்வியை வைத்தே பார்ப்போம்.

கேள்வியைப் படிகளாகப் பிரிப்போம்

முதல் படி, சொல். கல்லூரித் தாளில் இந்தக் கேள்வி 'ஐசோடோனிக்' என்ற சொல்லோடு வரும். ஓர் அணுவின் உள்ளேயும் வெளியேயும் கரைசலின் வலிமை சமமாக இருந்து, நிகரக் கணக்கில் நீர் எந்தப் பக்கமும் நகராமல் இருக்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர்.

இரண்டாம் படி, சவ்வூடு பரவல். சிவப்பணுவின் சவ்வு நீரை எளிதாக உள்ளே விடும். உப்பையும் சீனியையும் அப்படி விடாது. வெளியே வெறும் நீர் இருந்தால் நீர் உள்ளே புகுந்து, அணு வீங்கி வெடித்துவிடும். வெளியே உப்பு மிகுதியாக இருந்தால் நீர் வெளியேறி அணு சுருங்கிவிடும். மருத்துவமனையில் நோயாளியின் நரம்பில் ஏற்றும் உப்புநீர் 0.9 விழுக்காடாக இருப்பது இதனால்தான். லிட்டருக்கு 9 கிராம் என்பதும் அதே அளவுதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதை முடிவு செய்வது கரைந்த பொருளின் கிராம் அளவு அல்ல, துகள்களின் எண்ணிக்கை.

மூன்றாம் படி, மோல். துகள்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே மோல் கணக்கில் எண்ணுகிறோம். ஒரு மோல் என்றால் 6.02 × 10²³ துகள்கள். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு ஒரு மோலின் பொருண்மை 58.5 கிராம். சீனி, அதாவது சுக்ரோஸ், ஒரு மோலின் பொருண்மை 342 கிராம். இப்போது வகுத்துப் பாருங்கள்.

உப்பு: 9 ÷ 58.5 = 0.154 மோல்
சீனி: 100 ÷ 342 = 0.292 மோல்

சீனி மூலக்கூறு மிகவும் கனமானது. அதனால்தான் கிராமில் அவ்வளவு தேவைப்படுகிறது. ஆனாலும் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை. உப்பு சீனியில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது.

நான்காம் படி, பிணைப்பு. சீனி மூலக்கூற்றில் அணுக்கள் சகப் பிணைப்பால் இணைந்துள்ளன. நீரில் கரையும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகும், ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் உடையாமல் முழுதாக இருக்கும். உப்பு அயனிப் பிணைப்பால் ஆனது. நீரில் கரையும்போது சோடியம் அயனி ஒரு பக்கம், குளோரைடு அயனி ஒரு பக்கம் எனப் பிரிந்துவிடும். ஒரு மோல் உப்பு இரண்டு மோல் துகள்களைத் தரும்.

ஐந்தாம் படி, ஒப்பிடுதல். உப்பிலிருந்து 0.154 × 2 = 0.308 மோல் துகள்கள். சீனியிலிருந்து 0.292 மோல் துகள்கள். இரண்டும் ஏறக்குறைய சமம். உண்மையான கரைசல்களில் துகள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் சிறு வேறுபாடு இருக்கும். அதைப் பற்றிக் கல்லூரியில் விரிவாகப் படிப்பீர்கள்.

உங்கள் கால் எங்கே நின்றது?

இப்போது இந்த ஐந்து படிகளையும் திரும்பப் பாருங்கள். முதல் இரண்டு மட்டுமே உயிரியல். மூன்றாவது, படிவம் 4 வேதியியலில் மோல் பாடம். நான்காவது, அதே புத்தகத்தில் வேதிப் பிணைப்புப் பாடம். மோல் புரியாத மாணவர் உயிரியல் புத்தகத்தைப் பத்து முறை படித்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது. "எனக்கு பயோலஜி வராது" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அவர் நின்ற இடம் சென்ற ஆண்டின் வேதியியல். கல்லூரியில் அறிவியலைப் பாதியில் விட்டுவிட நினைக்கும் மாணவர்கள், விடுவதற்கு முன் ஒரு முறையாவது இப்படிப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

படி தெரிந்துவிட்டால் கேள்வியின் வடிவமும் மாறிவிடும்.

"டீச்சர், இந்தக் கணக்கு புரியவில்லை" என்பதற்குப் பதில், "டீச்சர், உப்பு 0.154 மோல், சீனி 0.292 மோல் என்று வந்தது. சமமாக வர வேண்டும் அல்லவா? உப்பு ஏன் பாதியாக இருக்கிறது?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்டால் ஆசிரியருக்கு இரண்டு நிமிடம் போதும். மோல் கணக்கு உங்களுக்கு நன்றாகத் தெரியும், அயனிகளாகப் பிரிவதை மட்டும் மறந்துவிட்டீர்கள் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும்.

தவறான விடையைக்கூட அழித்துவிடாதீர்கள். 'சரியாகப் பாதி', 'சரியாக இரண்டு மடங்கு', 'ஆயிரம் மடங்கு' என்று வரும் பிழைகள் நல்ல தடயங்கள். பாதியோ இரண்டு மடங்கோ வந்தால், அயனிகளின் எண்ணிக்கையையும் சமன்பாட்டின் மோல் விகிதத்தையும் பாருங்கள். ஆயிரம் மடங்கு வந்தால், மில்லிலிட்டரை லிட்டராக மாற்றினீர்களா என்று பாருங்கள்.

பெரிய அறிஞரும் நின்ற இடம்

நான்காம் படியில் நின்றுவிட்டீர்களா? வெட்கப்பட வேண்டாம். உலகின் முதல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவரே அந்த இடத்தில் நின்றவர்தான்.

1880களில் யாக்கோபஸ் வான்ட் ஹோஃப், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். அதே ஊரில் ஹியூகோ டி வ்ரீஸ் தாவரவியல் பேராசிரியர். ஒரு தாவரவியலாளர் சீனிக் கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை அளந்து வைத்திருக்கிறார் என்ற செய்தியை டி வ்ரீஸ்தான் வான்ட் ஹோஃபிடம் சொன்னார். அளந்தவர் வில்ஹெல்ம் ஃபெஃபர். அந்த அளவுகளை வைத்து வான்ட் ஹோஃப் ஓர் அருமையான விதியைக் கண்டார். நீர்த்த கரைசலில் இந்த அழுத்தம், வாயுக்களின் அழுத்தத்தைப் போலவே, துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வேதியியலாளருக்கு வேண்டிய சான்று தாவரவியலிலிருந்து வந்தது.

சீனிக்கு விதி பொருந்தியது. உப்புக்குப் பொருந்தவில்லை. உப்புக் கரைசலின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. காரணம் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. 'உப்பு போன்ற பொருள்களுக்கு இந்த எண்ணால் பெருக்க வேண்டும்' என்று சமன்பாட்டில் ஒரு காரணியைச் சேர்த்து, அப்படியே வெளியிட்டார்.

அதைப் படித்தவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாண்டே அர்ஹீனியஸ். உப்புக் கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்துவதை ஆராய்ந்தவர் அவர். உப்பு நீரில் கரைந்ததும் அயனிகளாகப் பிரிகிறது, அதனால்தான் துகள்கள் கூடுகின்றன என்று 1887இல் விளக்கினார். வான்ட் ஹோஃபுக்கு 1901இலும் அர்ஹீனியஸுக்கு 1903இலும் நோபல் பரிசு கிடைத்தது.

வான்ட் ஹோஃப் தாம் நின்ற இடத்தைத் துல்லியமாகக் குறித்து வைத்தார். எந்தப் பொருளுக்கு, எத்தனை மடங்கு என்று எழுதி வைத்தார். அதனால்தான் வேறு நாட்டில் இருந்த ஒருவரால் அவருக்கு உதவ முடிந்தது. நீங்கள் ஆசிரியரிடம் செய்ய வேண்டியதும் அதுதான்.

மூன்று மொழிகளில் ஒரே பாடம்

நம் மாணவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தீர்கள். இடைநிலைப்பள்ளியில் அது மலாய்க்கு மாறியது. கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலம். சில வேளைகளில் நீங்கள் நிற்பது முதல் படியிலேயே இருக்கும். பாடம் தெரியும், சொல் தெரியாது.

இதற்கு எளிய வழி, மூன்று பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம். பொருண்மை, ஜிசிம், மாஸ். கரைசல், லாருத்தான், சொல்யூஷன். செறிவு, கெபெகாத்தான், கான்சன்ட்ரேஷன். பரவல், ரெசாப்பான், டிஃபியூஷன். ஒரு பாடத்துக்குப் பத்துச் சொற்கள் எழுதினால் போதும். படிவம் 4இல் தொடங்கினால், கல்லூரிக்குப் போகும்போது உங்கள் கையில் சொந்த அகராதி இருக்கும்.

கேட்கும் முன் செய்ய வேண்டியவை

1. கேள்வியை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. எழுத முடியாவிட்டால் தடை முதல் படியில் இருக்கிறது.

2. கொடுத்த எண்களையும் கண்டுபிடிக்க வேண்டியதையும் அலகுகளோடு தனித்தனியாக எழுதுங்கள்.

3. தெரிந்த வரை செய்து, நின்ற இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே "இதற்கு மேல் ஏன் ... என்று தெரியவில்லை" என ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

4. அந்தப் படி எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று பார்த்து, அதில் அரை மணி நேரம் செலவிடுங்கள். பாதிச் சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.

5. தீராவிட்டால் அந்தத் தாளோடு போய்க் கேளுங்கள். ஆசிரியர், டியூஷன் ஆசிரியர், மேல்வகுப்பு அண்ணன், அக்கா, யாராக இருந்தாலும் சரி. செயலியிடம் கேட்டாலும் விடையைக் கேட்காமல் அந்த ஒரு படியைக் கேளுங்கள். அது சொல்வதைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. விளக்கம் கிடைத்ததும் தாளை மூடிவிட்டு, முழுக் கணக்கையும் முதலிலிருந்து தனியாகச் செய்யுங்கள். பிறகு பொருளை மாற்றியும் செய்து பாருங்கள்.

மெட்ரிகுலேஷன் ஓர் ஆண்டில் முடிந்துவிடும். எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்கள்தான். ஒரு வாரச் சந்தேகத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க அங்கே நேரம் இருக்காது. விரிவுரை மண்டபத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து "புரிந்ததா?" என்று கேட்கவும் ஆள் இருப்பது அரிது. இந்தப் பழக்கத்தை இப்போதே, உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் இருக்கும் வகுப்பறையிலேயே, தொடங்கிவிடுங்கள்.

இந்த வாரம் செய்து பாருங்கள்: ஒரு லிட்டர் கரைசலில் 11.1 கிராம் கால்சியம் குளோரைடு கரைந்திருக்கிறது. அதன் ஒரு மோலின் பொருண்மை 111 கிராம். ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு குளோரைடு அயனிகள். துகள்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்தக் கரைசல் மேலே பார்த்த உப்புநீரைவிட வலிமை மிக்கதா, குறைந்ததா, ஏறக்குறைய சமமா? விடை வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டுத் தாளை நாளை உங்கள் ஆசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.