வெயில் ஏறினால் கால் ஏன் துவள்கிறது?

கோச்சடையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள சிலருக்குப் பார்வை மங்கும், கால் துவளும். ஏன்? இந்நோயில் நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பு அணுக்களே அரித்துவிடுகின்றன. உறையிழந்த இழையில் மின்குறிப்பு தட்டுத்தடுமாறித்தான் போகும். சூட்டில், அந்தக் குறிப்பைக் கடத்தும் சோடியம் வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்வதால், அது பாதி வழியில் அணைந்துவிடுகிறது. உடல்சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்குப் போதும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-இல் பதிவுசெய்தது இது.

பயப்பட வேண்டாம், இது புதிய சேதம் அல்ல, உடல் குளிர்ந்தால் தெளியும். கடைகண்ணிக்கு வெயிலுக்கு முன்பே போய்வாருங்கள். வெந்நீர்க் குளியலைத் தவிருங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள். தளர்ச்சி ஒரு நாளைத் தாண்டினால் நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.