அம்மம்மாவின் குரல் வெட்டுப்படும்போது

அப்டேட் முடிஞ்சதும் யூஎஸ்பி மைக் இடைக்கிடை 'டக்' எண்டு வெட்டுதா? புது மைக் தேடி கிளென்ஃபீல்ட் மோலுக்கு ஓட முதல் இதை வாசியுங்கோ.

ஒரு ஃபைலை காப்பி பண்ணும்போது ஒரு துண்டு பிழைச்சால் யூஎஸ்பி அதைத் திருப்பி அனுப்பும். ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெக்கனுக்கு 48 சாம்பிள்கள் வர வேணும். நேரம் தவறினது போனதுதான்.

2018இல் வந்த டி2 சிப் மேக்குகளில் இதுதான் நடந்தது. கணினி தன் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்தபோதெல்லாம் ஒலி தடுமாறியது. தானியங்கி நேரத்தை நிறுத்திப் பலர் சமாளித்தார்கள். 2019 மார்ச்சில் மேக்ஓஎஸ் 10.14.4 திருத்தம் கொண்டுவந்தது. ஆகவே மைக்கை மட்டும் சந்தேகிக்காதீங்கோ.

ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கோ:

1. ஹப்பை விட்டு, லேப்டாப்பில் நேரே செருகுங்கோ.
2. விண்டோஸ் எண்டால் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டை நிறுத்துங்கோ.
3. மைக்குக்கும் ரெக்கோர்டிங் ஆப்புக்கும் ஒரே சாம்பிள் ரேட் வையுங்கோ.
4. பஃபரை 128இலிருந்து 512 ஆக்குங்கோ. தாமதம் சுமார் 11 மில்லிசெக்கன்தான். பேச்சுப் பதிவுக்கு அது பிரச்சினையே இல்லை.

அம்மம்மாவின் ஊர்க்கதையைப் பதியிறீங்கள் எண்டால் பக்கத்தில் ஃபோனிலும் ஒரு பதிவு ஓடட்டும். அவ அதே கதையை அதே மாதிரி ரெண்டாம் தரம் சொல்ல மாட்டா.